காயலான் கடைக்குப் போன கோபால்ட்

மயிலாப்பூரில் பல் டாக்டர் வைத்திருக்கும் சின்ன எக்ஸ்ரே, தி.நகர் ஸ்கேன் சென்டர்களின் சி.டி. மெஷின்கள், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் சிகிச்சைக் கருவிகள் என்று இந்தச் சில கிலோமீட்டருக்குள்ளேயே கதிர்வீச்சோடு வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களிடையே புழங்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: விபத்தெல்லாம் கல்பாக்கம் சமாச்சாரம். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: கல்பாக்கத்தில் நடந்தது நிஜம்தான். 2003 ஜனவரியில் அங்குள்ள அணு எரிபொருள் மறுசெயலாக்க ஆலையில் ஒரு வால்வு கசிந்து, வீரியம் குறைந்த கழிவு இருக்க வேண்டிய தொட்டியில் வீரியம் மிகுந்த கழிவு சேர்ந்துவிட்டது. எச்சரிக்கும் மானி அங்கே இல்லை. ஆறு ஊழியர்கள் வரம்பைப் பல மடங்கு தாண்டிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். விஷயம் ஊருக்குத் தெரிய மாதங்கள் ஆயின.

ஆனால் ஏழே வருடத்தில் ஓர் உயிரைப் பறித்த விபத்து அணு ஆலையில் தொடங்கவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் தொடங்கியது. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை 1968இல் கனடாவிலிருந்து ஒரு காமா கருவி வாங்கியது. உள்ளே கதிர்வீசும் கோபால்ட்-60. எண்பதுகளின் நடுவிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு ஏலத்தில் போய், மாயாபுரி காயலான் கடையில் பிரிக்கப்பட்டது. ஏப்ரலில் கடைக்காரர்களும் தொழிலாளர்களும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒருவர் இறந்தார்.

இதில் எதுவுமே புதிதல்ல. 1983இல் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ், 1987இல் பிரேசிலின் கோயானியா, 2000இல் தாய்லாந்தின் சமுத் பிராகான். மூன்றிலும் பயன்பாட்டில் இல்லாத புற்றுநோய் சிகிச்சைக் கருவி, அது இன்னதென்று தெரியாத கைகள், அப்புறம் பழைய இரும்புக் கடை. கோயானியாவில் நான்கு பேரும் சமுத் பிராகானில் மூன்று பேரும் இறந்தார்கள். கோயானியா பற்றி சர்வதேச அணுசக்தி முகமை 1988இலேயே விரிவான அறிக்கை வெளியிட்டது. டெல்லி ஏலத்துக்கு இருபத்திரண்டு வருடம் முன்பு! இப்படிப்பட்ட அறிக்கைகள் இயற்பியலாளர்களின் அலமாரிக்குப் போய்ச் சேர்கின்றன. ஏலப் பட்டியலில் கையெழுத்துப் போடும் ஸ்டோர்ஸ் ஆபீசரின் மேஜைக்குப் போவதில்லை. என்னைக் கேட்டால் முதல் பிரதி அவருக்குத்தான் போக வேண்டும்.

நம்பிக்கை: வேறு எங்காவது இப்படி நடந்திருந்தால் மெஷின் கம்பெனி சொல்லியிருக்குமே.

உண்மை: தெராக்-25 கதையைக் கேளுங்கள். 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தக் கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. 1986இல் டெக்சஸ் மாநில மருத்துவமனை ஒன்று தயாரிப்பாளரிடம் விசாரித்தபோது, வேறெங்கும் இப்படி நடந்ததாகத் தங்களுக்குத் தெரியாது என்ற பதில்தான் வந்தது. அதற்கு முந்தைய வருடமே வேறு ஊர்களில் நடந்திருந்தது. கடைசியில் அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் ஆபரேட்டரும் சேர்ந்து உட்கார்ந்து, தட்டச்சில் ஒரு திருத்தத்தை வேகமாகச் செய்தால் மென்பொருள் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். கருவியைப் பயன்படுத்தும் மருத்துவமனைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கிய பிறகே ஆறும் ஒரே தொடர்கதை என்று புரிந்தது.

நம்பிக்கை: பேட்ஜ் போட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது.

உண்மை: டி.எல்.டி. பேட்ஜ் கதிர்வீச்சை அளக்கும், தடுக்காது. தடுப்பது சுவரும் ஈய ஏப்ரனும் தூரமும்தான். ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிய வேண்டிய பேட்ஜை, கோட்டோடு எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூன்று மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து வரும் அளவு தலைசுற்ற வைக்கும். இந்தியாவில் ஊழியருக்கான வரம்பு ஐந்தாண்டு சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஆள் வாங்காத, கோட் வாங்கிய கதிர்வீச்சு என்று விசாரணையில் தெரிந்ததும் அத்தோடு கோப்பை மூடிவிடுவார்கள். அதை ஏன் மூட வேண்டும்? கோட் மாட்டும் ஆணியை அறைக்கு வெளியே அடிக்கச் சொல்லி பக்கத்துத் தெரு சென்டருக்கும் ஒரு வரி எழுதலாமே.

நம்பிக்கை: வெளியே சொன்னால் லைசென்ஸ் போய்விடும், பெயர் கெடும்.

உண்மை: விபத்தை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் தெரிவிப்பது 2004ஆம் ஆண்டு விதிகளின்படி கடமை, மறைத்தால்தான் லைசென்ஸுக்கு ஆபத்து. பெயர் பற்றிய கவலைக்கும் வழி உண்டு. சர்வதேச அணுசக்தி முகமை நடத்தும் சாஃப்ரான் என்ற பதிவேட்டில் கதிர்வீச்சு சிகிச்சை மையங்கள் தம் அடையாளம் வெளியே தெரியாமல் தவறுகளைப் பதியலாம், பிறர் பதிந்ததைப் படிக்கலாம். நோயாளியைத் தொடும் முன்பே பிடிபட்ட தவறுக்கும் அங்கே இடம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் வந்து கோப்பு மாறப் பார்த்தது, வலது இடது குழம்பியது மாதிரி யாருக்கும் அடிபடாமல் தப்பியவை இவை. அடிபடாததால்தான் டீ குடிக்கும்போது சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

நம்பிக்கை: எக்ஸ்ரே அறையில் கதிர்வீச்சு தங்கியிருக்கும்.

உண்மை: தங்காது. சுவிட்சை அணைத்ததும் எக்ஸ்ரே நின்றுவிடும். கோபால்டுக்கு சுவிட்ச் கிடையாது. ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், அவ்வளவுதான். மாயாபுரிக்குப் போன கருவி நாற்பது வருடம் பழையது. அப்போதும் அதில் ஓர் ஆளைக் கொல்லும் அளவு மிச்சமிருந்தது.