வண்டியின் ‘கிராஸ்’ இணைப்பு: அறிதலும் தேர்தலும் மாற்றுதலும்

மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது உழவர் பெருமக்கள் யாவரும் அறிந்ததே. அம்மல்லிகை இருள் பிரியுமுன் மொட்டாகப் பறிக்கப்பட்டு, வெயில் ஏறுமுன் மாட்டுத்தாவணிச் சந்தையை அடைந்தால்தான் அதற்கு நல்ல விலையுண்டு. பரவைச் சந்தைக்குச் செல்லும் காய்கறிக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். முன்னாளில் மாட்டுவண்டி செய்த இவ்வேலையை இன்று ‘பிக்கப்’ என்னும் சிறு சரக்கு மோட்டார் செய்து வருகின்றது. அவ்வண்டி நடுவழியில் நின்றுவிடுவதற்குக் காரணங்கள் பல; அவற்றுள் முன்கூட்டியே குறி காட்டுவதும், சில நூறு ரூபாய்ச் செலவில் தடுக்கக்கூடியதுமான ஒன்றைப் பற்றியே இங்குக் கூறப்புகுகின்றோம்.

பிக்கப் வண்டியில் யந்திரமும் கியர்பெட்டியும் சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. பின்அச்சோ வில்பட்டைகளின் மேல் ஏறி இறங்கும் தன்மையது. இவ்விரண்டையும் இணைக்கும் சுழல்தண்டு, அதாவது பட்டறைக்காரர் ‘புரொப்பல்லர் ஷாப்ட்’ என்று சொல்வது, சுழன்றுகொண்டே தன் சாய்வையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்காக அதன் முனைகளில் இரண்டு கவைகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவே சிலுவை வடிவான எஃகுத் துண்டு ஒன்றைப் பொருத்தியுள்ளனர். அதன் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்தினுள்ளும் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். இதனையே ‘கிராஸ்’ என்றும் ‘யூ ஜாயிண்ட்’ என்றும் வழங்குகின்றனர். இவ்விணைப்பு 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ஹூக்கின் பெயராலும் அழைக்கப்படுவதுண்டு. மோட்டார் வண்டிக்கேற்ப இதனை அமைத்து 1903இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர் ஆவார்.

இதில் நம்மவர் பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. சாய்வாக நிற்கும் ஒற்றை இணைப்பு, சுழற்சியை ஒரே சீராகக் கடத்துவதில்லை. சாய்வு 10 பாகையானால், நிமிடத்திற்கு 1,000 சுற்று உள்ளே செல்லும்பொழுது வெளியே வரும் வேகம் 985க்கும் 1,015க்குமிடையே ஊசலாடும். சாய்வு 30 பாகையானால் இது 866க்கும் 1,155க்குமிடையே ஆகும். இந்த ஏற்றத்தாழ்வை மற்றொரு முனையிலுள்ள இணைப்பு எதிராக நின்று சரிசெய்கின்றது. ஆனால் இரு முனைகளிலும் சாய்வு சமமாகவும், தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்திலும் இருந்தாலன்றி இது நடவாது. பாரம் அதிகம் ஏற்றுவதற்காகப் பின்புறம் கூடுதல் வில்பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கி நிறுத்துவது நம் பக்கத்தில் பெருவழக்கமாகிவிட்டது. அதனால் சாய்வு மாறிப்போகின்றது. புதுக் ‘கிராஸ்’ போட்டும் சில மாதங்களில் தேய்கின்றது. பழி மட்டும் கடைக்காரர் மேல் விழுகின்றது!

தேய்மானத்தின் குறிகளைக் காண்போம். முன்னோக்கிச் சென்ற வண்டியைப் பின்னோக்கி எடுக்கும்பொழுது அடியில் ‘டக்’கென்ற ஓசை எழும். மெதுவாகச் செல்கையில் குருவி கத்துவது போன்ற கீச்சொலி கேட்டால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்று கொள்ளலாம். கிண்ணத்தைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருப்பது ஐயத்திற்கிடமற்ற அடையாளம். ஓட்டத்தில் அதிர்வு தோன்றினால், வண்டியை நிறுத்தி, யந்திரத்தை மட்டும் அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும். அப்பொழுது அதிர்வில்லையெனில் குற்றம் பெரும்பாலும் சுழல்தண்டிலோ சக்கரத்திலோ உள்ளது. பின்னர் யந்திரத்தை அணைத்துவிட்டுத் தண்டைக் கையால் பற்றி அசைக்க வேண்டும். சிலுவைக்கும் கவைக்குமிடையே சிறிதேனும் ஆட்டம் தென்பட்டால் மாற்றுவதே முறை. அடுத்த அறுவடை வரை ஓடட்டும் என்று விடுவது பேரபாயம். ஓடும் வண்டியில் தண்டின் முன்முனை கழன்று சாலையில் குத்தினால் வண்டியே தூக்கியெறியப்படலாம். பின்முனை கழன்றால் அது சுழன்றடித்து பிரேக் குழாயை அறுத்துவிடக்கூடும்.

இனித் தேர்வு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் சேற்றிலும், மேலூர்ப் பக்கத்துப் பெரியாறு பாசன வயல்களிலும் இறங்கி ஏறும் வண்டிக்கு நீரும் சேறுமே முதற்பகை. கிரீஸ் நிப்பிள் உள்ள வகை, நிப்பிள் இன்றி மூடப்பட்ட வகை என இருவகை ‘கிராஸ்’ உண்டு. மூடிய வகையில் சிலுவையின் உட்புறம் துளையிடப்படாமையால் வலிமை சற்று அதிகம். ஆனால் நீர் புகுந்துவிட்டால் வெளியேற்ற வழியில்லை. நம் நிலத்திற்கு நிப்பிள் உள்ள வகையே ஏற்றது என்பது என் கருத்து. எனினும் கிரீஸ் அடிக்கும் வழக்கமில்லாதவர்க்கு அதனாற் பயனில்லை. நீரில் இறங்கிய வண்டிக்கு அன்றே, நான்கு கிண்ணங்களின் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடித்தல் வேண்டும்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குதல் கூடாது. ஒரே பெயருள்ள வண்டியில் ஆண்டுக்கு ஆண்டு அளவு வேறுபடக்கூடும். கிண்ணத்தின் வெளிவிட்டம், எதிரெதிர்க் கிண்ணங்களின் முனையிலிருந்து முனை வரையுள்ள நீளம், சர்கிளிப் உட்புறமா வெளிப்புறமா என்னும் மூன்றையும் வெர்னியரால் அளந்து குறித்துக்கொண்டு, பழைய துண்டையும் கையோடு எடுத்துச் செல்க. ஊராட்சி வண்டிகளுக்கு விலைப்புள்ளி கோரும்பொழுது இம்மூன்று அளவுகளையும் கோரிக்கையிலேயே எழுதிவிட வேண்டும். ‘கிராஸ் ஒன்று’ என்று மட்டும் எழுதினால், வருகின்ற குறைந்த விலைப்புள்ளி எப்பொருளுக்கானது என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

மாற்றும் வேலையில் முதற்கடமை சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பதாம். கியரில் நிறுத்திய வண்டியைப் பிடித்து நிற்பது இச்சுழல்தண்டே. அதனைக் கழற்றிய கணமே கியரின் பிடி போய்விடும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் கைப்பிரேக்கும் சக்கரத்தைப் பற்றாமல் இத்தண்டின் தொடக்கத்தையே பற்றுமாறு அமைந்திருந்தது. ஆதலின் அவ்வகை ஜீப்பை இன்றும் வைத்திருப்போர் இரட்டிப்பு எச்சரிக்கையாயிருத்தல் நலம்.

கழற்றுமுன் தண்டு, கவை, பின்அச்சின் முகப்பு ஆகியவற்றில் வர்ணத்தால் நேர்க்கோடு ஒன்று இட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன ஒரே தள அமைப்பு பிசகாதிருப்பதற்கு இதுவே வழி. பழைய கிண்ணங்களைப் பெஞ்ச் வைஸில் வைத்து, இருபுறமும் தகுந்த அளவுள்ள சாக்கெட் கொடுத்து அழுத்தி எடுக்க வேண்டுமேயன்றிச் சம்மட்டியால் கவையை அறைதல் தகாது. கவையின் துளை கோணிப்போனால் எந்தப் புதுச் சிலுவையும் அதில் நிலைக்காது.

புதியதைப் பொருத்துகையில் ஊசிகளின் மேல் கிரீஸ் தடவி, அவை சாயாது நிற்கும்படி மெல்ல நுழைக்கவும். ஓர் ஊசி கிண்ணத்தின் அடியில் விழுந்துவிட்டாலும் சர்கிளிப் தன் பள்ளத்தில் அமராது. அந்நிலையில் இன்னும் ஓங்கியடித்து அமர்த்த முயல்வதைப் பட்டறைகளில் நான் கண்டதுண்டு. கிண்ணத்தைக் கழற்றி ஊசியை நிமிர்த்துவதே முறை. முடிந்ததும் இணைப்பு கையசைவில் நாற்புறமும் இலகுவாகத் திரும்ப வேண்டும். ஆட்டமும் கூடாது, இறுக்கமும் கூடாது. நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்திருக்கட்டும். போல்ட், நட்டுகளைப் புதியனவாகவே போடுதல் நன்று.

டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்குச் செல்லும் தண்டிலும் இதே ‘கிராஸ்’தான் உள்ளது. அங்கே ரோட்டவேட்டரைத் தூக்கித் திரும்பும்பொழுது சாய்வு மிகுவதால், ஓட்டத்தை நிறுத்தாமல் திருப்பினால் சிலுவை விரைவில் முறியும். அத்தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்வது. வேட்டி முனையோ தோள்துண்டோ சேலைத் தலைப்போ சிக்கினால் கையை விடுவிக்கவும் நேரமிராது. ‘கிராஸ்’ மாற்றும்பொழுது கழற்றிய பிளாஸ்டிக் உறையை மூலையில் போட்டுவிட்டு ஓட்டுவோர் பலர். டிராக்டரை வாடகைக்கு விடும் சங்கங்கள், அவ்வுறையும் அது சுழலாமல் பிடிக்கும் சங்கிலியும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே வண்டியை வெளியே அனுப்புதல் வேண்டும்.