முகமூடியும் மூச்சும்

முகமூடி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? சிறு பிள்ளைகளுக்குத் திருவிழாக் கடைப் புலிமுகம். 2020-ஆம் ஆண்டைக் கண்ட பெரியவர்களுக்கு மூக்கையும் வாயையும் மூடிய துணி. எங்கள் வகுப்பில் பலருக்கோ, அண்ணன் தம்பியர் ஆடும் வீடியோ விளையாட்டில் வரும் வீரனின் இரும்பு முகம். அப்படி ஒரு முகத்தைப் பார்த்தே, ஆண்டு விழாவில் நாங்கள் நடித்த 'தாவீதும் கோலியாத்தும்' நாடகத்திற்கு முகமூடி செய்தோம்.

அட்டையை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, கண்ணுக்கு இரண்டு கீற்று மட்டும் விட்டோம். வாய் வைக்கவில்லை. மேசைமேல் வைத்துப் பார்த்தபோது எங்களுக்கே அச்சமாக இருந்தது. ஆனால் ஒத்திகையில் கோலியாத்தாக நடித்த தோழி மேடைப்படி தெரியாமல் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அவள் முழங்கிய வசனம் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டது. "சிஸ்டர், எனக்கு மூச்சு முட்டுகிறது. வேறு யாரையாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று அழுதேவிட்டாள். வகுப்பிலேயே உயரமானவள் அவள்தான். அவளை விட்டால் எங்களுக்கு வேறு கோலியாத்து இல்லை. முகமூடியை மாற்றுவதா, ஆளை மாற்றுவதா என்ற கேள்வியே எங்களை இந்த ஆராய்ச்சிக்குத் தூண்டிற்று.

விளையாட்டு வீரனுக்கு வியர்ப்பதில்லை, மூச்சு வாங்குவதில்லை. அவன் முகமூடியால் வசதி பெறுபவர் அவனை உருவாக்கியவரே. 1992-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மார்ட்டல் காம்பாட்' விளையாட்டில் ஸ்கார்ப்பியன், சப்-ஜீரோ என இரு முகமூடி வீரர்கள் உண்டு. ஒரே நடிகரை ஒரே உடையில் படம்பிடித்து, நிறத்தை மட்டும் மஞ்சள், நீலம் என மாற்றி இருவராக்கினார்கள். முகம் மறைந்திருந்ததால் இது இயன்றது. கருவியின் நினைவகமும் மிச்சமாயிற்று. 1981-இல் தோன்றிய மரியோவின் மீசையும் இத்தகையதே. சில புள்ளிகளுக்குள் வாய் வரைய இடமில்லாததால் வந்த மீசை அது! ஆகவே, அங்கும் அழகுக்குப் பின்னால் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. அணிபவருடைய வசதி மட்டும் இல்லை.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். அக்கினி வசந்த விழாவில் விடிய விடியத் தெருக்கூத்து நடைபெறுவதை இங்குள்ளோர் அறிவர். துரியோதனன் எவ்வளவு பயங்கரமாக வருகிறான்! ஆனால் அவன் முகத்தில் முகமூடி கிடையாது. அரிதாரம் பூசி, முகத்தையே முகமூடி ஆக்கிவிடுகிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் பார்வைக்கு மலைபோல் இருந்தாலும், அவற்றைக் கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவது வழக்கம். கூத்தாடுபவர் தாமே பாட வேண்டும், வசனமும் பேச வேண்டும். வாயை மூடினால் கூத்தே இல்லை.

கிழக்கு இந்தியாவின் சௌ நடனத்தில் ஆடுபவர் பாடுவதில்லை. எனவே அங்கு முகமூடிக்கு இடமுண்டு. 2010-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்த இந்நடனம் மூன்று வகைப்படும். ஜார்க்கண்டின் சராய்கேலாவில் களிமண் அச்சின்மேல் காகிதமும் துணியும் ஒட்டி வழவழப்பான முகமூடி செய்கிறார்கள். அதை அணிந்து நெடுநேரம் மூச்சுவிட இயலாததால் ஒவ்வொரு நடனமும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மேற்கு வங்கத்துப் புருலியாவில் முகமூடி இன்னும் பெரியது. ஒடிசாவின் மயூர்பஞ்சிலோ முகமூடியே இல்லை. நாங்கள் சராய்கேலா முகமூடியைச் செய்துவிட்டுக் கூத்து வசனத்தைப் பேசச் சொல்லியிருக்கிறோம்!

கண் தெரியாததற்குக் காரணத்தைக் கணக்குப் பாடம் கூறிற்று. பஞ்சு வைத்ததால் எங்கள் முகமூடி கண்ணிலிருந்து 5 செ.மீ. தள்ளி நின்றது. கீற்றின் அகலம் 2 செ.மீ. பாதி அகலம் 1 என்றால் டேன் மதிப்பு 1/5. கோணம் ஏறக்குறைய 11 பாகை. இரு பக்கமும் சேர்த்து 23 பாகைகூட இல்லை. அதே கீற்றைக் கண்ணுக்கு 1 செ.மீ. அருகில் கொண்டுவந்தால் டேன் மதிப்பு 1, கோணம் 45 பாகை, அதாவது மொத்தம் 90 பாகை. துளையைப் பெரிதாக்கவே வேண்டாம். முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று முணுமுணுத்தவர்களுள் நாங்களும் உண்டு.

பஞ்சை எடுத்தோம். மூக்குக்குக் கீழே இருந்த பகுதியை வெட்டி எறிந்தோம். வெள்ளித்தாள் ஒட்டியவளுக்கு அதில் மிகுந்த வருத்தம். தாடைக்கு மையால் கறுப்புத் தாடி வரைந்தோம். முன்பிருந்த பயங்கரம் சற்றுக் குறைந்ததென்னவோ உண்மை.

விழா அன்று தோழி படியில் தடுமாறவில்லை. கடைசி வரிசையில் இருந்த அவள் பாட்டிக்கும் குரல் நன்றாகக் கேட்டதாம். தாவீது எறிந்த காகிதக் கல் மட்டும் குறி தவறித் திரைப்பக்கம் போய்விட்டது. கோலியாத்து அதை முகமூடிக்குள்ளிருந்து நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள்.