இலை எத்தனை மணி நேரம் நனைந்தது?

ராயப்பன்பட்டியில் எங்கள் மாமாவின் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை ஓடிக்கொண்டிருக்கிறது. வெப்பம், காற்றின் ஈரப்பதம், மழை, இலை ஈரம் என நான்கையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, பைத்தான் ஸ்கிரிப்ட் வழியாக ஆர்ஆர்டிடூல் கோப்பில் சேர்க்கிறது. அதை ஓட்டிப் பழகியதில் தெரிந்துகொண்டவை இவை. பைத்தானோ பெர்லோ தெரிந்தவர்களுக்கு உதவும்.

டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய ஆர்ஆர்டிடூல் 1999இல் வெளியானது. நெட்வொர்க் போக்குவரத்தை வரைபடமாக்க அவர் முன்பு எழுதிய எம்ஆர்டிஜியிலிருந்து வளர்ந்த கருவி இது. இதன் கோப்பு முறைத் தண்ணீர் மாதிரி: வரிசையாகப் பாய்ந்து கடைசி வயல் முடிந்ததும் முதல் வயலுக்கே திரும்பிவிடும். பழைய எண்ணின் மேல் புதிய எண் விழும், கோப்பு பெருக்காது. ஓர் எண்ணுக்கு 8 பைட். 5 நிமிடக் கணக்கை ஓராண்டு வைத்தால் ஒரு சென்சாருக்கு 1,05,120 எண்கள், சுமார் 8.4 லட்சம் பைட். மெமரி கார்டில் அது ஒரு மூலைக்குக்கூட காணாது.

கேள்வியை முதலில் வாங்குங்கள்

எதை எவ்வளவு நாள் வைப்பது, எதைச் சுருக்குவது என்பதைக் கோப்பை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சுருக்கியபின் விவரம் திரும்பாது. அதனால் முதலில் மாமாவிடம் கேட்டேன். "நேத்து ராத்திரி எலை எத்தன மணி நேரம் நனைஞ்சு கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லு மாப்ள, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். அடிச்சாம்பல் நோய்க்கு இரவெல்லாம் காயாத இலைதான் வாசல். மருந்தடிப்பதா வேண்டாமா என்பது அந்த மணிக்கணக்கில் இருக்கிறது.

ஈரப்பதத்தின் நாள் சராசரி இதற்கு உதவாது. பகல் வெயில் இரவின் ஈரத்தை மறைத்துவிடும். நான் செய்தது எளிது: இலை நனைந்திருந்தால் 1, காய்ந்திருந்தால் 0 என்று தனி அளவாகச் சேர்த்தேன். ஒரு மணி நேரத்துச் சராசரி 0.5 என்றால் அரை மணி நேரம் ஈரம். இரவின் 12 சராசரிகளைக் கூட்டினால் மாமா கேட்ட எண் அப்படியே வந்துவிடும்.

அளவின் வகையைப் பாருங்கள்

ஒவ்வோர் அளவுக்கும் ஒரு வகை சொல்ல வேண்டும். வெப்பம், ஈரப்பதம், இலை ஈரம் மூன்றுக்கும், அளந்த எண்ணையே எடுத்துக்கொள்ளும் 'கேஜ்' வகை. மழைமானி வேறு மாதிரி: 0.2 மி.மீ. மழைக்கு ஒரு முறை கவிழும் கிண்ணம் அது. ஒவ்வொரு முறை படித்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கினால் 'அப்சல்யூட்' வகை பொருந்தும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதாக இருந்தால் 'கவுன்ட்டர்' போடத் தோன்றும். ஆனால் கரண்ட் போய் வந்து பலகை பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், எண்ணி நிரம்பிச் சுற்றிவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும். பந்தலில் பிரளயம் வந்ததாக வரைபடம் காட்டும். 'டிரைவ்' வகையைக் குறைந்தபட்சம் 0 என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மழைக்கு இவற்றில் எதைப் போட்டாலும் உள்ளே இருப்பது நொடிக்கான வீதம். நாள் மழை மி.மீ. கணக்கில் வேண்டுமானால் நாள் சராசரியை 86,400 ஆலும் 0.2 ஆலும் பெருக்க வேண்டும்.

நாள் எப்போது விடிகிறது?

ஆர்ஆர்டிடூலின் நாள் யூடிசி நள்ளிரவில் தொடங்குகிறது. நமக்கு அது காலை 5.30. வானிலைத் துறையின் மழை நாளோ காலை 8.30க்கு முடிகிறது. நாள் கணக்கை நம்பினால் இரண்டும் ஒட்டாது. மணிக் கணக்காக வையுங்கள். யூடிசி மணிகள் இங்கே அரை மணிகளில் முடிவதால் 8.30 சரியாக ஒரு விளிம்பில் விழும். 24 மணிகளைக் கூட்டினால் துறையின் அளவோடு ஒப்பிடலாம்.

தினம் ஒரே எண் என்றால் வேண்டாம்

ஊருக்குப் பக்கத்திலுள்ள சண்முகா நதி அணையின் முழு நீர்மட்டம் சுமார் 52.5 அடி. அதன் தினசரி நீர்மட்டத்தையும் இதிலேயே சேர்க்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆர்ஆர்டிடூல் எண்ணைக் கால அளவுக்கேற்பக் கலந்துதான் வைக்கும். காலை 8 மணிக்கு எடுத்த அளவு நேற்று 40 அடி, இன்று 41 அடி என்றால் நாள் கட்டத்தில் 40.9 என்று நிற்கும். எழுதிய எண் எழுதியபடியே வேண்டுமென்றால் எஸ்க்யூலைட் போதும்.

கரண்ட் கட்டை எதிர்பார்த்தே எழுதுங்கள்

'ஹார்ட்பீட்' 600 நொடி வைத்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் தகவல் வராவிட்டால் அந்த இடைவெளி 'தெரியாது' என்று பதிவாகும். பைத்தானில் அது 'நன்' என்று வரும்; பூஜ்யமாக்கிக் கூட்டிவிடாதீர்கள், ஈரமான இரவு காய்ந்த இரவாகிவிடும். கடைசிப் பதிவுக்கு முந்தைய நேரத்தில் எதையும் சேர்க்க முடியாது என்பது இன்னொரு விதி. கடிகாரம் தவறி நாளைய தேதியில் ஒரு எண் விழுந்தால், அந்த நேரம் வரும்வரை எல்லாப் பதிவும் நிராகரிக்கப்படும். ராஸ்பெர்ரி பையின் பழைய மாடல்களில் தனிக் கடிகாரம் கிடையாது. பேட்டரி போட்ட கடிகாரச் சில்லு ஒன்று வாங்கிச் செருகுங்கள்.

பைத்தான் லைப்ரரி தவறு நேர்ந்தால் ஸ்கிரிப்டை நிறுத்திச் சொல்லும். பெர்லில் ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் பிழை உண்டா என்று நாமே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வாய் திறக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சென்சார் சொன்னதை முதலில் ஒரு சாதாரண உரைக் கோப்பில் நேரத்தோடு எழுதிவிட்டு, பிறகு ஆர்ஆர்டிடூலுக்குக் கொடுங்கள். மாமா அடுத்த கவாத்துக்கு வேறு கேள்வி கேட்பார். அப்போது புதுக் கோப்பை உருவாக்கி, உரைக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக ஊட்டினால், பழைய நாட்களுக்கும் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.