எடுத்த படத்தை மீண்டும் படித்தல் – ஆன்சல் ஆடம்ஸ் காட்டிய வழி

படம் எடுப்பது இன்று மிக எளிதாகிவிட்டது. வீட்டு விசேஷம், பள்ளி ஆண்டுவிழா, சுற்றுலா என எங்கு சென்றாலும் கைபேசியில் படங்களை எடுத்துக் குவிக்கிறோம். ஆனால் எடுத்த படத்தைச் சில நாள் கழித்து மறுபடி பார்த்து, "இது ஏன் நன்றாக வந்தது? என் கண் முதலில் எங்கே செல்கிறது?" என்று ஆராய்வோர் மிகச் சிலரே. திருத்தி வந்த விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கும் மாணவியும் உண்டு. விடைகளை மீண்டும் வாசித்துப் பார்ப்பவளும் உண்டு. இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடே படம் எடுப்பவர்களிடமும் காணப்படுகிறது.

தம் படங்களைத் தாமே மீண்டும் படித்துப் பார்த்தவர்களுள் ஆன்சல் ஆடம்ஸ் குறிப்பிடத்தக்கவர். இவர் 1902-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். 1916-இல் பெற்றோருடன் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குச் சென்றபோது, 14 வயதுச் சிறுவனாகிய இவருக்கு ஒரு கோடக் பிரவுனி காமிரா கிடைத்தது. இளமையில் பியானோக் கலைஞராக வேண்டும் என்று பயிற்சி பெற்றவர், பின்னர் மலைகளையும் வானத்தையும் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1983-இல், தமது 81-ஆம் வயதில், தாம் எடுத்தவற்றுள் 40 படங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றும் எவ்வாறு உருவாயிற்று என்று விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். 'எக்ஸாம்பிள்ஸ்' என்பது அதன் பெயர். எடுத்துக்காட்டுகள் என்று பொருள். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அந்நூலில் உள்ள மூன்று படங்களை மட்டும் இங்கே காண்போம்.

1. மனக்கண்ணில் கண்ட பாறை

யோசெமிட்டியில் 'ஹாஃப் டோம்' என்றொரு பெரும் கருங்கல் மலை உண்டு. உருண்டையான மலையை நடுவில் வெட்டியதுபோல் அதன் ஒரு முகம் செங்குத்தாக நிற்கும். 1927 ஏப்ரல் 10 அன்று, 25 வயது ஆடம்ஸ் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடனும் நண்பர்களுடனும் பனியில் நடந்து, அம்முகத்தை நேருக்கு நேர் காணக்கூடிய ஒரு பாறை விளிம்பை அடைந்தார். அக்காலத்தில் பிலிம் சுருளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகடுகளையும் பயன்படுத்துவர். அவர் கொண்டு சென்றவை 12 தகடுகள். வழியில் பல செலவாகி, கடைசியில் மிஞ்சியவை இரண்டே.

பாறையின்மேல் வெயில் படியும்வரை காத்திருந்து, முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த உடனேயே அவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. பாறையின் வடிவம் படத்தில் வரும். ஆனால் அதன்முன் நிற்கும்போது தம் நெஞ்சில் எழுந்த மலைப்பு வருமா? வானம் வெளிறிப்போய்விடுமே! அந்தப் பாறை கரிய வானத்தின் எதிரே நிற்க வேண்டும் என்று அவர் மனக்கண் கண்டது. ஆகவே கடைசித் தகட்டுக்கு அடர்ந்த சிவப்பு ஃபில்டரை மாட்டினார்.

அறிவியல் பாடம் கற்கும் மாணவியருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை விட்டு, நீல ஒளியைத் தடுத்துவிடும். வானம் நீலமாதலால் அங்கிருந்து வரும் ஒளியில் பெரும்பகுதி தகட்டைச் சேராது. படத்தில் வானம் கருமையாகும். வெயில் பட்ட பனியோ எல்லா நிற ஒளியையும் திருப்பி அனுப்புவதால் வெள்ளையாகவே நிற்கும்.

பிற்காலத்தில் ஆடம்ஸ் இரு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டினார். இடம் ஒன்று, காமிரா ஒன்று, நாளும் ஒன்று. முதற்படம் பாறையின் தோற்றத்தைத் தருகிறது; இரண்டாவது அதன் கம்பீரத்தைத் தருகிறது. எடுக்கும் முன்னரே முடிவான படத்தை மனத்தில் காண வேண்டும் என்னும் உண்மையைத் தாம் அன்றுதான் உணர்ந்ததாக அவர் சொன்னார்.

2. கல்லறைச் சிலுவைகளும் நிலவும்

1941-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு மாலை, நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆடம்ஸ் தம் சிறு மகனுடனும் நண்பர் ஒருவருடனும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூர் அருகே வந்தபோது கிழக்கே நிலவு எழுந்திருந்தது. கீழே மண் வீடுகள், சிறு கோயில், கல்லறைத் தோட்டம். மேற்கே சாயும் சூரியனின் கடைசி ஒளி பட்டு, கல்லறைச் சிலுவைகள் வெண்மையாக மின்னின. காரை நிறுத்தி அவசர அவசரமாகப் பெரிய காமிராவைப் பொருத்தினார். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் கருவியைக் காணவில்லை!

அளவின்றி எடுத்தால் என்ன ஆகும்? ஒளி மிகுந்தால் நிலவு வெறும் வெள்ளைப் புள்ளியாகும். குறைந்தால் சிலுவைகள் இருளில் மறையும். அவ்வேளையில் ஓர் எண் அவர் நினைவுக்கு வந்தது. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்று முன்பே கற்று வைத்திருந்தார். அதைக் கொண்டு மனக்கணக்காகப் போட்டு, எஃப் 32 துளை, ஒரு விநாடி என்று வைத்து எடுத்தார். இன்னொரு படம் எடுத்து வைக்கலாம் என்று பிலிமைத் திருப்பும் முன்னரே சிலுவைகளின்மேல் இருந்த வெயில் போய்விட்டது. கையில் தங்கியது அந்த ஒன்றுதான்.

இப்படம் ஏன் நம்மை நிறுத்துகிறது? மேற்பாதி முழுவதும் ஏறக்குறையக் கருவானம். அதில் சிறு நிலவு. அதன்கீழே தொலைவில் பனிமலைகளும் வெண்மேகக் கீற்றும். கீழே மிகச் சிறிய ஊர், அதிலும் சிறிய சிலுவைகள். நிலவும் வெள்ளை, சிலுவைகளும் வெள்ளை. கண் இவ்விரண்டுக்கும் இடையே மேலும் கீழுமாகச் சென்று வருகிறது. அகன்ற வானத்தின் கீழ் வாழ்ந்து மறைந்த எளிய மக்களை நாம் தாமாகவே நினைக்கிறோம்.

இத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. நெகடிவின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்ததால், 1948-இல் அப்பகுதியை மட்டும் மருந்திட்டு வலுவூட்டினார். தொடக்கத்தில் போட்ட பிரிண்டுகளில் வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல வானத்தை மேலும் மேலும் கருமையாக்கினார். நெகடிவ் என்பது இசையமைப்பாளர் எழுதிய சுரக்குறிப்பு. பிரிண்ட் என்பது அதை வாசித்துக் காட்டுவது என்பது அவர் கருத்து. பாடகர் குழுவில் உள்ள மாணவியர் இதை நன்கு அறிவர். பாட்டு ஒன்றே, ஆனால் பத்து ஆண்டுப் பயிற்சிக்குப்பின் பாடும்போது அதன் ஆழம் வேறு.

ஒரு செய்தியை மட்டும் ஆடம்ஸ் குறித்து வைக்கவில்லை. அது படம் எடுத்த தேதி. ஆண்டையே மாற்றி மாற்றிச் சொல்லி வந்தார். வானியல் அறிஞர்கள், படத்தில் நிலவு நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுத் தேதியைத் தேடினர். 1941 அக்டோபர் 31 என்று முதலில் ஒருவர் கண்டார். 1991-இல் டென்னிஸ் டி சிக்கோ என்பவர் மீண்டும் ஆராய்ந்து, 1941 நவம்பர் 1, மாலை 4.49 மணி என்று திருத்தினார். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். அந்த வேளையிலே அச்சிலுவைகள் ஒளி பெற்று நின்றன என்பதை எடுத்தவரே அறியாமல் சென்றுவிட்டார்.

3. ஐந்தாம் நாள் விடியலும் அழிந்த எழுத்தும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு, தன் நாட்டிலேயே வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்து வைத்தது. அவற்றுள் ஒன்றான மன்சனார் முகாமில் இருந்தவர்களை ஆடம்ஸ் 1943, 1944 ஆண்டுகளில் படம் எடுத்தார். அப்பகுதியில் தங்கியபோது, அருகிலுள்ள லோன் பைன் ஊரிலிருந்து சியரா நெவாடா மலையின் விடியற்காட்சியை எடுக்க விரும்பினார். நான்கு நாள் விடியுமுன் எழுந்து சென்றும் வெயில் வரவில்லை. ஐந்தாம் நாள் கடுங்குளிரில் காரின் மேல்தளத்தில் காமிராவை நிறுத்திக் காத்திருந்தார். சிகரங்கள் ஒளிர்ந்தன, முன்னே இருந்த கருங்குன்றுகள் நிழலில் கிடந்தன, புல்வெளியில் மரங்களின்மேல் வெயில் வந்தது. அங்கே மேய்ந்த குதிரையோ முதுகைக் காட்டியே நின்றது! கடைசி நொடியில் அது பக்கவாட்டில் திரும்ப, படம் எடுக்கப்பட்டது. வெள்ளை, கறுப்பு, மீண்டும் வெளிச்சம் என்று பட்டை பட்டையாக அமைந்த அக்காட்சியில், விரல்நுனி அளவான அக்குதிரையே மலையின் பருமனை நமக்குச் சொல்கிறது.

ஆனால் இதில் ஒரு வழக்கு உண்டு. அவ்வூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், தம் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டை எதிரே உள்ள குன்றில் வெள்ளைக் கற்களால் பெரிதாக அமைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அவ்வெழுத்துகளை நெகடிவில் மறைத்துவிட்டார். இது சரியா என்று சிலர் குறை கூறினர். அவர் இதை ஒளிக்கவில்லை. இயற்கையின்மேல் விழுந்த வடுவைக் காத்து வைக்கும் அளவுக்குத் தாம் கட்டுப்பெட்டியல்லர் என்ற கருத்தில் நூலிலேயே எழுதினார்.

மாணவியரே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இன்று ஒரு விரல் தொட்டாலே படத்திலிருந்து ஓர் ஆளையே நீக்கிவிடலாம். எது கலை, எது பொய்? மலையழகைக் காட்டும் படத்தில் செய்த மாற்றத்தை ஒப்புக்கொண்டால், பார்ப்பவர் ஏமாறுவதில்லை. ஆனால் அதே ஆடம்ஸ் மன்சனார் முகாம் படங்களிலிருந்து ஒன்றை அழித்திருந்தால், அது அங்கே அடைபட்ட மக்களுக்கு எதிரான பொய்ச்சாட்சி ஆகியிருக்கும். "நடந்தது இதுதான்" என்று சாட்சி சொல்லும் படத்தில் கை வைக்கலாகாது. தோழியின் படமும் அத்தகையதே. அவளை இழிவுபடுத்தும்படி மாற்றுவது விளையாட்டாகாது.

நாம் கற்பது என்ன?

மூன்று படங்களிலும் தற்செயல் உண்டு. வெயில், நிலவு, குதிரை எதுவும் ஆடம்ஸின் ஏவலுக்குக் காத்திருக்கவில்லை. ஆனால் தற்செயலாக வந்ததைப் பற்றிக்கொள்ள மனக்கண், கற்ற எண், பொறுமை ஆகியவை அவரிடம் ஆயத்தமாக இருந்தன. இதை அவரும் நாமும் அறிவது, அவர் தம் படங்களைத் திரும்பிப் பார்த்து எழுதியதால்தான்.

விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டு ஆல்பத்திலிருந்தோ கைபேசியிலிருந்தோ தமக்குப் பிடித்த மூன்று படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: கண் முதலில் செல்லும் இடம் எது? ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது? எதை நீக்கினால் படம் கெடும்? எடுத்த நாள், இடம், படத்தில் உள்ளவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பெற்றோரிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். நிலவைக் கணக்கிட்டுத் தேதி சொல்ல எல்லாப் படங்களுக்கும் வானியல் அறிஞர் வரமாட்டார். படத்தின் பின்புறம் இன்று நீங்கள் எழுதி வைக்கும் ஒரு வரி, நாளை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும் செல்வமாகும்.