நடுவில் நிற்கும் ப்ராக்சி

மாதக் கடைசியில் அலுவலகத்தின் சம்பளக் கணக்குச் செயலி ஊர்ந்தால் எல்லாரும் இணையத்தைத்தான் திட்டுவார்கள். நடுவில் ப்ராக்சி நிற்பதை மறந்துவிடுவார்கள். மாணவர்களே, சோதனை எளிது: அதே இணைப்பில், அனுமதி பெற்று, ப்ராக்சியைத் தவிர்த்துத் திறந்து பாருங்கள். வேகம் கூடினால் தாமதம் அங்கேதான்.

பலர் உடனே ப்ராக்சியின் நகல் சேமிப்பிடத்தைப் பெருக்குவார்கள். பெரும்பாலும் வீண் வேலை! எச்டிடிபிஎஸ் வழியே போவது பூட்டிய பெட்டி. பூட்டைத் திறக்காத ப்ராக்சியால் உள்ளிருப்பதை நகலெடுக்க முடியாது.

பதிவுக் கோப்பைப் பாருங்கள். 407 என்ற எண் குவிந்திருக்கிறதா? 'நீ யார்?' என்று ப்ராக்சி கேட்பதன் குறியீடு அது. என்டிஎல்எம் முறையில் ஒவ்வொரு புதிய இணைப்பும் வழக்கமாக இருமுறை 407 வாங்கிய பிறகே உள்ளே போகும். 100 இணைப்பு திறந்தால் 200 மறுப்பு. அந்தச் செயலியின் முகவரிக்கு மட்டும் அடையாளச் சோதனையை விலக்கி, மறுபடி நேரம் குறித்துப் பாருங்கள்.