ஈரத்தில் விரியும் சால்வை

தஞ்சாவூர் வெயிலுக்குச் சால்வை எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி, தை விடியற்காலையில் திருவையாற்றுப் படித்துறைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். ஆற்றுக்காற்று எலும்பு வரை போகும். தியாகராஜ ஆராதனைக்கு இருட்டோடு வந்து இடம் பிடிக்கும் வயதான பெண்கள் புடவைத் தலைப்பையே இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உழவன் எக்ஸ்பிரஸில் ஏ.சி. பெட்டியில் படுத்தாலும் இதே கதைதான். நம் ஊர்க் குளிருக்குக் கனத்த கம்பளி வேண்டாம். தோளில் இருப்பதே தெரியாமல், மடித்தால் கைப்பைக்குள் அடங்குகிற ஒன்று போதும். அம்மாவுக்காக அப்படி ஒரு லேஸ் சால்வையை முதல்முறையாகப் பின்னினேன். ஸ்வெட்டரும் குல்லாயும் பின்னத் தெரிந்தவர்கள் இதில் துணிந்து இறங்கலாம். ஆனால் சில விஷயங்கள் அடியோடு வேறு.

முதலில் நூல். ஃபேன்ஸி ஸ்டோரில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஸ்வெட்டருக்கு அது பரவாயில்லை. லேஸுக்குச் சரிவராது. ஏனென்றால் லேஸ் சால்வை ஊசியிலிருந்து இறங்கும்போது சுருங்கி, கசங்கி, பார்க்கவே சகிக்காது. அதை நனைத்து, இழுத்துக் கட்டி, காயவிட்ட பிறகுதான் பூவேலை கண்ணுக்குத் தெரியும். நிஜக் கம்பளி, காய்ந்த பிறகும் அந்த இழுப்பைப் பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது, திரும்பச் சுருங்கிவிடும். பருத்தி விரியும், ஆனால் கம்பளி அளவுக்கு நிற்காது, தன் கனத்திலேயே தொய்யும்.

லேபிள் இல்லாத நூல் என்றால் ஒரு சாண் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, விளக்குச் சுடரில் காட்டுங்கள். கம்பளி, மயிர் பொசுங்கும் வாடையோடு கருகும். விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். உருகும்போது தொட்டுவிடாதீர்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாடை அடிக்கும். இந்தச் சோதனையைச் செய்யாமல் சால்வைக்கு நூல் வாங்கவே கூடாது என்பேன்.

ஊசி, நூலின் பருமனுக்கு வழக்கமாக எடுப்பதைவிடப் பெரிதாக இருக்கட்டும். மெல்லிய நூலுக்கு 10ஆம் நம்பர் எடுக்கும் இடத்தில் 8ஆம் நம்பர், அதாவது 4 மில்லிமீட்டர். கண்ணிகள் தளர்ந்தால்தான் நனைத்து இழுக்க இடம் இருக்கும். வியர்க்கும் கையில் உலோக ஊசி வழுக்கும். சித்திரை, வைகாசியில் மூங்கில் ஊசிதான் எனக்கு ஒத்துவந்தது.

முதல் சால்வைக்கு ஷெட்லாண்ட் தீவுகளின் பழைய அலை டிசைனையே எடுங்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடல் நடுவில் இருக்கும் அந்தத் தீவுகளில், மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கும் அளவுக்கு மெல்லிய சால்வைகளைப் பெண்கள் பின்னியிருக்கிறார்கள். அலை டிசைனில் 18 கண்ணி ஒரு கட்டு, 4 வரிசை ஒரு சுற்று. முதல் வரிசை முழுக்க நிட், இரண்டாவது முழுக்க பர்ல். மூன்றாவதில்தான் வேலை: இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து மூன்று முறை நிட், பிறகு ஊசியில் நூலைச் சுற்றி ஒரு நிட், இப்படி ஆறு முறை, திரும்ப இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை. நான்காவது முழுக்க நிட். சேர்த்ததில் ஆறு கண்ணி குறைகிறது, சுற்றியதில் ஆறு கூடுகிறது, ஆகவே கணக்கு 18லேயே நிற்கிறது. நூல் சுற்றிய இடமெல்லாம் துளை. அந்தச் சுற்றும் ஒரு கண்ணிதான் என்பதை மனசு ஏற்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். வெறும் நூல்தானே என்று விட்டால் அடுத்த வரிசையில் கணக்கு உதைக்கும்.

நான்கு கட்டுக்கு 72, இரு ஓரத்துக்கும் நான்கு நான்கு, மொத்தம் 80 கண்ணி. ஓரக் கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போடுங்கள், சுருளாது. ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் ஊசியில் ஒரு நூல் வளையம் மாட்டிவிட்டால் 80ஐயும் எண்ண வேண்டாம், பதினெட்டு பதினெட்டாகச் சரிபார்க்கலாம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை, முனை மழுங்கின ஊசியில் வெள்ளை குரோஷா நூலைக் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டி விடுங்கள். லைஃப்லைன் என்பது இதுதான். லேஸில் ஒரு கண்ணி நழுவினால் துளைகள் வழியே கீழே கீழே ஓடும்; அந்த நூல் வந்ததும் நின்றுவிடும். கலர் நூல் வேண்டாம், நனைக்கும்போது சாயம் இறங்கலாம்.

நம் பக்கத்துத் திருபுவனத்துப் பட்டுத் தறியில் பாவை முதலிலேயே இழுத்துக் கட்டிவிட்டுத்தான் நெய்யவே ஆரம்பிப்பார்கள். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸும், திண்டில் குண்டூசி குத்தி இழுப்போடு முடைவதுதான். நிட்டிங் லேஸில் மட்டும் இழுப்பு கடைசியில் வருகிறது. ஆகவே அந்தக் கடைசி நாளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

மிதமான சோப்புத் தண்ணீரில் அரைமணி ஊறவிட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்குங்கள். கோரைப்பாய் மேல் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, அதன்மேல் சால்வையைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி இழுங்கள். ஒவ்வொரு அலையின் முனையிலும் ஒரு குண்டூசி. துருப்பிடிக்காத எஃகு ஊசிதானா என்று பார்த்து வாங்குங்கள். ஈரக் கம்பளியில் துருக்கறை பட்டால் போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலை வேண்டாம். காயாமல் முடைநாற்றம் வரும். வெயில் காலத்தில் நிழலில் ஃபேன் போட்டால் ஒரே நாளில் காய்ந்துவிடும்.

பீரோவில் வைக்கும்போது, மல் துணியில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் முடிந்து கூடவே போடுங்கள். கம்பளிக்குப் பூச்சிதான் எமன். அவ்வப்போது எடுத்து உதறி நிழலில் காற்றாட விடுவதும் அவசியம்.

மார்கழிக்குச் சால்வை வேண்டும் என்றால் ஆடியிலேயே கண்ணி போட்டு, புரட்டாசி வெயில் இருக்கும்போதே நனைத்துக் காயவைத்து விடுங்கள்.