நாற்பத்து நான்கில் சிப்பாய்

கேள்வி: ராணுவத்தில் சேர வயது தடையாக இல்லாத தளபதி யாராவது உண்டா?

பதில்: ஸ்காட்லாந்தின் தாமஸ் கிரஹாம் இருக்கிறார். 1748இல் பிறந்த பெர்த்ஷையர் நிலப்பிரபு. பாதி வாழ்க்கை வரை வேட்டை, விவசாயம், காதல் மனைவி மேரி. அவ்வளவுதான் அவர் உலகம். ஓவியர் கெய்ன்ஸ்பரோ தீட்டிய மேரியின் உருவப்படம் இன்றும் எடின்பரோவில் இருக்கிறது.

1792இல் நோயுற்றிருந்த மேரி, பிரான்ஸின் தென்கரைக்கு அப்பால் கப்பலிலேயே இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவரும் வழியில், துலூஸ் அருகே பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் ஆயுதம் தேடி சவப்பெட்டியை உடைத்துத் திறந்தார்கள்.

கிரஹாம் கொதித்துப்போனார்.

மறு ஆண்டே பிரான்ஸின் தூலோன் துறைமுக முற்றுகையில், புரட்சிப் படைக்கு எதிராகத் தன்னார்வலராகக் களமிறங்கினார். அப்போது வயது 44. 1794இல் 90ஆவது படைப்பிரிவைத் தானே திரட்டினார். 1811 மார்ச் 5இல் ஸ்பெயினின் பரோசாவில், தன்னைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டார். கூட்டாளியான ஸ்பானியத் தளபதி லா பெனியா உதவிக்கு வரவில்லை. ஆனாலும் வெற்றி 62 வயதுக்காரருக்கே! பிரெஞ்சுப் படையின் கழுகுச் சின்னமும் சிக்கியது.

1813இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு லின்டோக் பிரபு பட்டம். மறுமணம் செய்துகொள்ளாமலே 1843இல், 95ஆம் வயதில் காலமானார்.